பதினாலாவது கணக்கு

பதிமூன்றாவது கணக்கை முடித்துவிட்டுப் பகவதி நேரே பதினைந்துக்குப் போனாள். நடுவில் ஒன்று கிடக்கிறது, அது கண்ணில் படாமல் இல்லை; வழியில் படுத்திருக்கிற நாயைச் சுற்றிக்கொண்டு போகிற மாதிரி சுற்றிக்கொண்டு போனாள், அவ்வளவுதான். திங்கட்கிழமை அரியர் பரீட்சை. தமிழில் தேறி, இங்கிலீஷில் தேறி, கணக்கில்கூடத் தேறி, இயற்பியல் படிக்கவென்று நாகர்கோவிலுக்கு பஸ் ஏறிப் போன பிள்ளை இயற்பியலில் மட்டும் கோட்டை விட்டால் ஊர் சிரிக்காதா, சிரித்தது. சிரித்துவிட்டு ஊர் அதன் சோலியைப் பார்க்கப் போய்விட்டது, இவளுக்குத்தான் போக்கிடம் இல்லை. ஜன்னலை ஒட்டி மேஜை, மேஜைமேல் லிசி மேடம் கொடுத்துவிட்ட கணக்குத் தாள், காற்றில் தாள் பறக்காமல் இருக்க ஒரு முனையில் பாக்குவெட்டி, மறு முனையில் பவுடர் டப்பா. ஜன்னலுக்கு வெளியே காத்தாடிகள், கரண்டு எடுக்கிற காற்றாலைகள். ஆரல்வாய்மொழியில் வீடு கட்டி ஜன்னல் வைத்தால் அதில் காத்தாடி தெரியத்தான் செய்யும், அதற்கு யாரும் கூடுதலாக ஒன்றும் செய்ய வேண்டாம். வெளியூர்க்காரர்கள் பஸ்ஸில் போகும்போது தலையை வெளியே நீட்டி ஆவென்று பார்ப்பார்கள். இங்கே உள்ளவர்கள் பார்ப்பதேயில்லை, அந்த வீட்டு ஆண்பிள்ளை அதில் ரிப்பேர் பார்க்க ஏறுகிறவனாக இருந்தால் தவிர. எல்லாக் காத்தாடியும் சுற்றிக்கொண்டிருந்தது. எதிர் வீட்டு மாடித் தண்ணீர்த் தொட்டிக்கு நேர்மேலே தெரிகிற ஒன்று மட்டும் ஓர் இறக்கையைக் கீழே தொங்கப் போட்டுக்கொண்டு நின்றது. அது நிற்கிறது என்றால் அதன் உச்சியில் உள்ள பெட்டிக்குள் தாணு இருக்கிறான் என்று அர்த்தம். தாணு அவளுடைய அண்ணன்.

சுற்றுகிற காத்தாடியில் ஆள் ஏற மாட்டான். நிறுத்தி, பூட்டுப் போட்டு, குழாய் மாதிரியான கோபுரத்துக்குள்ளே ஏணியில் ஏறி, இடுப்பு பெல்ட்டைக் கம்பியில் மாட்டி, மாட்டி, மேலே போய், வேலையை முடித்து, எல்லாரும் தரைக்கு வந்து சேர்ந்த பிறகுதான் கீழே உள்ள பெட்டியில் சுவிட்சைப் போடுவார்கள். அப்புறம்தான் இறக்கை அசையும். ஆகையினால் நின்றால் மேலே, சுற்றினால் கீழே. இதை அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததாக ஞாபகம் இல்லை, அண்ணன் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே கண் தானாகப் படித்துக்கொண்டது. காற்று சீசன் இல்லாத மாதங்களில் ஏறினால் பயம் இல்லை. ஆனி ஆடியில் மெஷின் மக்கர் பண்ணினால்தான் பாடு. காற்று இன்ன அளவுக்கு மேலே போனால் ஏறக்கூடாது என்று சட்டம் இருக்கிறது. ஏறின பிறகு காற்று கூடினால்? அதற்கும் சட்டம் இருக்கும், இறங்கிவிட வேண்டும் என்று இருக்கும், காற்று அந்தச் சட்டத்தைப் படித்திருக்க வேண்டுமே. காலையில் கொடியில் கிடந்த துணி ஆடிக்கொண்டுதான் இருந்தது. மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவும்போது துணி கிடைமட்டமாகப் பறந்தது. இப்போது அம்மா துணியை எடுத்துவிட்டாள். துணி இல்லாத கொடி விண் விண் என்று ஒரே சுருதியில் இரைந்துகொண்டிருக்கிறது, அது காதில் விழுகிறதா இல்லை காதுக்குள்ளேயே இருக்கிறதா என்று பகவதிக்குப் பிடிபடவில்லை.

பதினைந்தாவது கணக்கில் ஒரு விமானம் வடக்கே போகிறது, மணிக்கு இருநூறு கிலோமீட்டர். கிழக்கிலிருந்து காற்று, மணிக்கு ஐம்பது. விமானம் உண்மையில் எந்தத் திசையில் போகும்? சுலபம். வடக்கே ஒரு அம்பு, காற்றுக்கு ஒரு அம்பு, இரண்டையும் கூட்டினால் சாய்வாக ஒரு அம்பு. போட்டாள். போட்ட பிறகு பார்த்தால் காற்றின் அம்பு இடமிருந்து வலமாகப் போயிருக்கிறது. ஐயோ, மறுபடியும்! கிழக்கிலிருந்து வருகிற காற்று மேற்கே அல்லவா போக வேண்டும். கேள்வியில் கிழக்கு என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறான், கண் படிக்கிறது, வாய் முணுமுணுக்கிறது, கை மட்டும் மேற்கிலிருந்து கிழக்கே இழுத்துவிடுகிறது. பிறந்த நாளிலிருந்து இந்தக் கைக்குத் தெரிந்த காற்று ஒன்றே ஒன்றுதான். மேற்கே இரண்டு மலைக்கும் நடுவில் ஒரு வாசல், அதன் வழியாகக் கும்பலாக நுழைந்து, பனைமரத்தை எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்த்து, ஸ்கூல் பிள்ளைகளின் குடையைத் திருப்பி, கிழக்கே போகும். கார்த்திகை மார்கழியில் கொஞ்சநாள் எதிர்ப்பக்கமிருந்தும் வரும், அதை இந்த ஊரில் யாரும் காற்று என்றே மதிப்பதில்லை. அரியர் விழுந்ததே இதனால்தான். ஒரு கணக்கில் குறி மாறினால் அதைத் தொட்டுக்கொண்டு வருகிற மூன்றும் போச்சு. லிசி மேடம் மார்த்தாண்டத்துக்காரி, விடைத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்துவிட்டாள். "உன் பிளேன் எப்பவும் அந்தப் பக்கமாத்தான் போய் எறங்குது. ஒங்க ஊர்க் காத்தை ஊரிலயே விட்டுட்டு வரப்படாதா பிள்ளே?" என்றாள். மேடம் சிரித்ததில் பகவதிக்கு வருத்தமில்லை. அதை இவள் வீட்டில் வந்து சொல்லி, அண்ணன் கேட்டு விழுந்து விழுந்து சிரித்து, சிரித்ததோடு விடாமல் அதை வேலை இடத்தில் போய்ச் சொல்லி, நேற்று சாயங்காலம் பால் வாங்கப் போன இடத்தில் அவன் கூட்டாளி ஒருத்தன், பெயர்கூடத் தெரியாது, சாயா கிளாஸும் கையுமாக, "என்ன பிள்ளே, பிளேன் எறங்கிட்டா?" என்று கேட்டானே, அதுதான் ஆறவில்லை. கடையே சிரித்தது. பால் பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு அத்தனை பேர் நடுவில் அவள் நின்ற நிலை இருக்கிறதே.

அதனால்தான் காலையில் அது நடந்தது. நடந்தது என்று சொல்லுகிற அளவுக்கு ஒன்றும் நடக்கவும் இல்லை. தாணு தினமும் வாசலில் குத்தவைத்து பூட்ஸ் கயிற்றைக் கட்டுவான், நிமிர்வான், கையை நீட்டிக் காட்டுவான். "இன்னைக்கி அன்னா, அந்தத் தொட்டிக்கு மேல நிக்கே, அது. கேட்டியா? போயிட்டு வாறேன்." இவள் பல் தேய்த்துக்கொண்டோ தலை பின்னிக்கொண்டோ அந்தத் திசையைப் பார்த்துவிட்டு, "சரி, போயிட்டு வா" என்பாள். எந்த மெஷின் என்று தங்கச்சிக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று அவன் ஒரு நாளும் சொன்னதில்லை, தெரிய வேண்டும் என்று இவளும் கேட்டதில்லை. அது பாட்டுக்கு நடந்து வந்தது. இன்றைக்கு இவள் முதுகைக் காட்டிக்கொண்டு, புஸ்தகத்தை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு இருந்தாள். ஒரு வரி படித்திருந்தால் கேளுங்கள். சுவரில் அவன் நிழல் விழுந்திருந்தது. நிழல் நிமிர்ந்தது. நிழலின் கை பாதி உயர்ந்தது, அப்படியே நின்றது, பிறகு இறங்கிவிட்டது. "போயிட்டு வாறேன்" என்றான், கொஞ்சம் தாழ்ந்த குரலில். இவள் பதில் பேசவில்லை. அவன் நின்றான். எவ்வளவு நேரம் நின்றான்? பதில் சொல்வதற்குப் போதுமான நேரம் நின்றான். ஒரே ஒரு 'சரி'. அதற்கு என்ன விலையா கொடுக்க வேண்டும்? "சவத்துக் கோவம் மாறல்ல போலிருக்கு" என்று அம்மாவிடம் சிரித்துச் சொல்லிக்கொண்டு பின்பக்கமாகப் போய் பைக்கை எடுத்தான். சவம் என்று சொல்லாமல் இந்த ஊரில் ஒரு வாக்கியம் முடியாது. சவத்து வெயில், சவத்து பஸ், சவத்துக் கணக்கு. காலையிலிருந்து அந்த வார்த்தை பத்துத் தடவை பகவதியின் நாக்கு நுனி வரை வந்தது, பத்துத் தடவையும் விழுங்கினாள். அண்ணன் சொன்னதையும் சேர்த்து விழுங்க முடியுமானால் நன்றாக இருக்கும். சொல்லாத 'சரி' ஒன்று தொண்டையில் இட்லித் துண்டு மாதிரி நிற்கிறது, தண்ணீர் குடித்தாலும் இறங்கமாட்டேன் என்கிறது.

பதினாறு. மூன்று ஐ, நாலு ஜே. எதிரே நாலு ஐ, கழித்தல் மூன்று ஜே. பெருக்கிக் கூட்டினால் பன்னிரண்டு கழித்தல் பன்னிரண்டு, ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை என்று வந்தால் இரண்டும் செங்குத்து, ஒன்று போகிற போக்கில் இன்னொன்றுக்குப் பங்கே கிடையாது. ஐ என்பது கிழக்கு, ஜே என்பது வடக்கு, கே என்பது மேலே. மூன்றுக்கும் தலையில் ஒரு தொப்பி வைத்து எழுத வேண்டும். ஐ தொப்பி, ஜே தொப்பி, கே தொப்பி. அண்ணனுக்கும் தொப்பி உண்டு, மஞ்சள் ஹெல்மெட், தாடைக்கு அடியில் வார். கண் கொஞ்சம் சொருகியது. அடுக்களைப் பக்கமிருந்து பிச்சிப்பூ வாசம் வந்தது. அம்மா அங்கே பின்வாசலில் உட்கார்ந்து பூக் கட்டிக்கொண்டிருக்கிறாள், தோவாளைச் சந்தைக்குப் போகிற பூ. காற்று கூடினதால் வாசம் நிற்காமல் ஓடுகிறது, வந்தது தெரிவதற்குள் போய்விடுகிறது. தலையில் பத்துக் குடம் தண்ணீர் சுமந்து அம்மா தெரு முனையிலிருந்து வீடு வரை நடந்தாலும் புவியீர்ப்பு செய்த வேலை ஒன்றுமில்லை என்று மேடம் சொன்ன நாள் வகுப்பில் எல்லாரும் சிரித்தார்கள். சுமை கீழே இழுக்கிறது, ஆள் குறுக்கே நடக்கிறாள், செங்குத்து, ஆகையால் பூஜ்ஜியம். வீட்டில் வந்து சொன்னதற்கு அம்மா, "அப்பம் நாளையிலேருந்து நீ எடு" என்றாள். ஏறுகிறவன் கதை வேறு. அவன் நேராக மேலே போகிறான், பூமி நேராகக் கீழே இழுக்கிறது, இரண்டும் ஒரே கோடு, முகத்துக்கு முகம். மேலே போய்விட்டால் ஆடும் என்பான் தாணு. கோபுரமே ஆடும். "தொட்டில் கணக்கா. ஒறக்கம் வந்துரும், சத்தியமா" என்பான். முதல் நாள் வாந்தி எடுத்தானாம், இப்போது தரையில் நின்றால்தான் ஆடாமல் இருப்பது ஒரு மாதிரியாக இருக்கிறதாம். பெட்டிக் கூரையில் உள்ள மூடியைத் திறந்து வெளியே தலையை நீட்டினால் நம் வீட்டு ஓட்டு நிறம் தெரியுமாம், பொய்யா நிஜமா. தெரிந்தால் இந்த ஜன்னலும் தெரியும். ஜன்னலில் ஒரு பிள்ளை கன்னத்தில் கை வைத்துக்கொண்டு இருப்பதும் தெரியும். அம்மாவின் சேலையில் தொட்டில், அதில் இரண்டு பேர், அண்ணன் காலால் உந்துகிறான், சுவர் வருகிறது, சுவர் போகிறது, மேற்கிலிருந்து கிழக்கே, கிழக்கிலிருந்து, இல்லை, மேற்கிலிருந்துதான், விடு, விடு என்றால் விடமாட்டேன் என்கிறான், பெல்ட்டை மாட்டினாயா, மாட்டினாயா என்று இவள் கேட்கிறாள், வாயைத் திறந்தால் காற்று உள்ளே புகுந்து சத்தத்தை எடுத்துக்கொண்டு கிழக்கே போய்விடுகிறது.

பாக்குவெட்டி தரையில் விழுந்த சத்தத்தில் விழித்துக்கொண்டாள். தாள் ஒரு முனை விடுபட்டுப் படபடவென்று அடித்தது. அமுக்கிப் பிடித்தாள், கைக்கு அடியில் பதினாலு. சரி, வந்துவிட்டது, இனி சுற்றிப் போக வழியில்லை. 'ஒருவர் எண்பது மீட்டர் உயரமுள்ள கோபுரத்தின் உச்சிக்கு ஏறி, புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வருகிறார். அவர் கடந்த தொலைவு எவ்வளவு? இடப்பெயர்ச்சி எவ்வளவு?' மேடம் இவள் வீட்டு விவகாரம் தெரிந்து வைத்த கணக்கல்ல, எல்லாப் புஸ்தகத்திலும் இருக்கிற கணக்குதான், எட்டாம் வகுப்புப் பிள்ளை போட்டுவிடும். தொலைவு நூற்று அறுபது. இடப்பெயர்ச்சி பூஜ்ஜியம். எழுத வேண்டியது ஒரே ஒரு வட்டம். அதை அவள் மத்தியானத்திலிருந்து எழுத மாட்டாமல் கிடக்கிறாள். பதிமூன்றில் ஒரு கல் இருந்தது. எண்பது மீட்டரிலிருந்து விடப்பட்ட கல் தரைக்கு வர எவ்வளவு நேரம், ஜி பத்து என்று வைத்துக்கொள். கை போட்டுவிட்டது, மனசைக் கேட்காமல் போட்டுவிட்டது: நாலு விநாடி. ஏணியில் இறங்கினால் கால்மணி, அரைமணி, நடுவில் நின்று மூச்சு வாங்கினால் இன்னும் கூட. நாலு விநாடியில் என்ன முடியும்? 'சரி, போயிட்டு வா' என்று சொல்லி முடிக்கலாம், இரண்டு தடவை சொல்லலாம். கல்லுக்கும் இடப்பெயர்ச்சிக்கும் சம்பந்தமில்லை என்று தள்ளிவிட்டு மேலே போகலாம் என்றால் மனசு அந்த இடத்தில் முள்வேலியில் சேலை மாட்டிய மாதிரி மாட்டிக்கொண்டது. புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வருகிறார். எப்படி வருகிறார்? கேள்வியில் அது இல்லை. இறங்கி வந்தாலும் பூஜ்ஜியம். வேறு மாதிரி வந்தாலும் பூஜ்ஜியம்தான். கணக்குக்கு இரண்டும் ஒன்று. ஏறும்போது பூமி செய்த வேலையும் இறங்கும்போது செய்த வேலையும் கூட்டினால் அதுவும் பூஜ்ஜியம், அதுவும் எப்படி வந்தான் என்று கேட்காது. போன வருஷம் பணகுடிப் பக்கம் காத்தாடி ஏறின ஒரு பையன், கல்யாணம் நிச்சயமாகியிருந்த பையன், அவனும் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்தவன்தான். அம்மா அந்தத் துட்டிக்குத் துக்கம் கேட்கப் போய்விட்டு வந்து தலைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டு இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாவது நாள் அண்ணன் வேலைக்குக் கிளம்பினபோது, "போயிட்டு வா" என்றாள், அவ்வளவுதான் சொன்னாள், வேறென்ன சொல்ல. அந்த வார்த்தையைத்தான் இன்றைக்கு இவள் கொடுக்கவில்லை. பகவதிக்குப் பயமாக இருந்தது. இயற்பியல் படிக்கிறவள் இப்படியெல்லாம் நினைக்கலாமா, ஒரு சொல்லுக்கும் எண்பது மீட்டர் உயரத்தில் உள்ள பெல்ட்டுக்கும் என்ன தொடர்பு, எந்த விதியில் எழுதியிருக்கிறது? எழுதவில்லை. எழுதாவிட்டால் பயம் போய்விடுமா? ஜன்னலைப் பார்த்தாள்.

காத்தாடி அசைந்தது. கீழே தொங்கின இறக்கை மெள்ள, சோம்பேறி மாதிரி, ஒரு பக்கமாக எழும்பியது. இன்னொன்று இறங்கி வந்தது. நின்றுவிடுமோ என்று பார்த்தாள், நிற்கவில்லை, ஒரு முழுச் சுற்று, இன்னொரு சுற்று, அப்புறம் மற்ற காத்தாடிகளோடு சேர்ந்து எது எதுவென்று தெரியாத அளவுக்குச் சுற்ற ஆரம்பித்தது. எம்மா! இறங்கிவிட்டான், கீழே நிற்கிறான், இடுப்பு பெல்ட்டைக் கழற்றிக்கொண்டு எவனிடமாவது இவள் விமானக் கதையைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருப்பான், சிரிக்கட்டும், ஊருக்கெல்லாம் சொல்லட்டும். பேனாவை எடுத்தாள், பதினாலாவது கணக்குக்கு எதிரே தொலைவு நூற்று அறுபது மீட்டர் என்று எழுதினாள், இடப்பெயர்ச்சி என்று எழுதி, பக்கத்தில் வட்டமாக, அழகாக, கோலப்புள்ளியைச் சுற்றி வளைக்கிற மாதிரி ஒரு பூஜ்ஜியம் போட்டாள். சந்தோஷம் தாங்கவில்லை. "எம்மா, அண்ணன் எறங்கியாச்சு!" என்று அடுக்களைப் பக்கம் பார்த்துச் சத்தம் கொடுத்தாள். "எம்மோவ், கேக்கியா? காத்தாடி சுத்துது!" பின்வாசலிலிருந்து அம்மாவின் குரல் வந்தது, காற்று பாதியை அள்ளிக்கொண்டு போய் மீதியைக் கொடுத்தது. "எது? தொட்டிக்கு மேல உள்ளதா? அது நேத்தைக்குள்ளதுட்டி. சாமான் வரணும்னுட்டு நிப்பாட்டிப் போட்டிருந்தாவ, வேற ஆளு போய்ச் சரியாக்கியிருப்பான். இவன் இன்னைக்கி பனைக்குப் பொறத்தால உள்ளதுல்லா ஏறியிருக்கான். காலையில எங்கிட்டச் சொல்லிட்டுத்தான் போனான்."

எங்கிட்டச் சொல்லிட்டுத்தான் போனான். அப்படியானால் சுவரில் பாதி உயர்ந்து நின்ற அந்த நிழல் கை காட்டப் போன திசை இந்த ஜன்னலே இல்லை. காலையிலிருந்து சாயங்காலம் வரை அண்ணன் ஏறாத காத்தாடியை, அவன் இல்லாத பெட்டியை, ஆணி அடித்த மாதிரி பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். பயப்பட்டதெல்லாம் வேறு யாருடைய பெட்டிக்கோ. அவன் இருந்த பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. கைக்குத் தெரிந்த திசைக்குக் கை போகிறது, கண்ணுக்குத் தெரிந்த திசைக்குக் கண் போகிறது, கேள்வியை யார் படிக்கிறார்கள்? பூஜ்ஜியத்தின்மேல் பேனாவால் அடித்தாள். ஒரு கோடு போதவில்லை, வட்டம் தெரியாமல் போகிறவரை அடித்தாள், தாள் கிழிந்தது. எழுந்து அடுக்களை வழியாகப் பின்வாசலுக்குப் போனாள். அம்மா படியில் உட்கார்ந்திருந்தாள், ஒரு காலை நீட்டி, பெருவிரலில் வாழைநாரைச் சுற்றி. தெற்கே ஒற்றைப் பனை, ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அதற்குப் பின்னால், பனையின் தலைக்கு மேலே, ஒரு காத்தாடி நின்றுகொண்டிருந்தது. சுற்றிலும் உள்ளதெல்லாம் பேய் பிடித்த மாதிரிச் சுற்ற, அது மட்டும் மூன்று இறக்கையையும் விரித்துக்கொண்டு நின்றது. "எப்பம் ஏறினான்?" என்றாள் பகவதி. "சோறுண்டு முடிச்ச பொறவுதான் நின்னுது" என்றாள் அம்மா. "காத்து இப்படி அடிக்கே." "அடிக்கத்தான் செய்யும், ஆனி மாசம்லா." அம்மா சாதாரணமாகத்தான் சொன்னாள், தேங்காய் விலை சொல்வது போலச் சொன்னாள். அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்த பிறகுதான் பகவதி அதைப் பார்த்தாள். முறத்தில் பூ இல்லை. எப்போதோ தீர்ந்து போயிருக்கிறது, கட்டின சரம் ஈரத்துணியில் சுற்றி ஓரமாக இருக்கிறது. அம்மாவின் விரல் மட்டும் நிற்கவில்லை. வெறும் நாரில், பூ இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லாமல், முடிச்சு முடிச்சாகப் போட்டுக்கொண்டே போகிறாள். கண்ணைப் பனையைவிட்டு எடுக்கவில்லை. வெற்று முடிச்சு மடியில் சுருண்டு கிடக்கிறது, ஒரு முழம், இரண்டு முழம், கூடவே இருக்கும். பகவதி நாரின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள், அவ்வளவுதான் செய்யத் தோன்றியது. "எம்மா, காலையில அவன் போயிட்டு வாறேம்னான். நான் ஒண்ணும் சொல்லல்ல." "தெரியும்." "நீ சொன்னியா?" அம்மா ஒரு முடிச்சுப் போட்டாள். "ரெண்டு தடவ சொன்னேன்" என்றாள்.

அதற்குப் பிறகு எவ்வளவு நேரம் என்று தெரியாது. வெயில் மஞ்சளாக மாறியது, பனையின் நிழல் கிணற்றுச் சுவரைத் தாண்டி பக்கத்து வீட்டுச் சுவரில் ஏறியது. இடப்பெயர்ச்சிக்கு வழி முக்கியமில்லை, தொடக்கமும் முடிவும் போதும் என்று புஸ்தகம் சொல்கிறது. அப்படியானால் இந்தப் படியில் உட்கார்ந்திருக்கிற நேரம் எந்தக் கணக்கில் வரும்? இவளும் அம்மாவும் இம்மியும் நகரவில்லை, தொலைவும் பூஜ்ஜியம், இடப்பெயர்ச்சியும் பூஜ்ஜியம், ஆனால் கால் இரண்டும் மலை ஏறினது போல் கடுக்கிறது. மேலே இப்போது ஆடும். தொட்டில் கணக்கா. ஆடட்டும், தொட்டில் ஆடினால் பிள்ளை விழுமா, சேலையில் கட்டின தொட்டில், அம்மா முடிச்சுப் போட்ட தொட்டில். முடிச்சு முடிச்சாக ஒரு கயிறு மேலேயிருந்து கீழே வரை தொங்குகிறது, அதைப் பிடித்துக்கொண்டு ஒருத்தன் இறங்குகிறான், ஒரு முடிச்சுக்கு ஒரு கால், ஒரு முடிச்சுக்கு ஒரு கை. கண்ணை மூடினால் தெரிகிறது, திறந்தால் பனைதான் தெரிகிறது. மூடினாள். விண் விண் என்று கொடி. தோளில் அம்மாவின் முழங்கை இடித்தது. "அன்னா" என்றாள் அம்மா. கண்ணைத் திறந்து பார்த்தால் பனைக்குப் பின்னால் ஓர் இறக்கை மறைகிறது, இன்னொன்று வருகிறது. பகவதி சத்தம் போடவில்லை, ஒரு தடவை போட்டு ஏமாந்தது போதும். முழுசாகச் சில சுற்றுகள் பார்த்தாள். அம்மா மடியில் கிடந்த நாரை உருட்டி, பந்தாக்கி, அடுப்புக்குள் போட எடுத்துக்கொண்டு எழுந்தாள். முட்டியைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தாள். "சாயாவுக்குத் தண்ணி வைக்கேன், அவன் வந்ததும் வராததுமா கேப்பான்" என்றாள்.

பகவதி முன்னறைக்கு வந்து மேஜையில் உட்கார்ந்தாள். பதினாலாவது கணக்குக்கு எதிரே ஓட்டை விழுந்த தாள். இடப்பெயர்ச்சி என்ற சொல்லுக்கு அடுத்தாற்போல் ஓட்டை வழியாக மேஜைப் பலகை தெரிந்தது. எழுதவில்லை, பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு இருந்தாள். விளக்குப் போடுகிற நேரத்துக்கு பைக் சத்தம் கேட்டது. தாணு வாசலுக்கு வந்து, காலையில் குத்தவைத்த அதே படியில், அதே ஓரத்தில் குத்தவைத்து பூட்ஸ் கயிற்றை அவிழ்த்தான். கழுத்தெல்லாம் கிரீஸ், தலையில் ஹெல்மெட் வார் அழுத்தின தடம். சுவரில் அவன் நிழல் விழுந்தது, விளக்கு நிழல், காலையில் விழுந்த பக்கத்துக்கு எதிர்ப்பக்கம். "என்னட்டி, பிளேன் எறங்கிட்டா?" என்றான். குரலில் கேலி பாதிதான் இருந்தது, மீதிப் பாதி இவள் முகம் எப்படி இருக்கிறது என்று பார்க்கிற குரல். பகவதி திரும்பி, படியில் இருந்தவனை உச்சந்தலையிலிருந்து பூட்ஸ் வரை ஒரு தடவை பார்த்தாள். தொண்டையில் காலையிலிருந்து நின்றது அப்போதுதான் இறங்கியது. "சரி, போயிட்டு வா" என்றாள்.

"என்னட்டி சொல்லுக, இப்பந்தானே வாறேன்" என்றான் தாணு.

"இது காலையில உள்ளது" என்று சொல்லிவிட்டு, அவன் சிரிக்கிறானா என்றுகூடப் பார்க்காமல், ஓட்டைக்குப் பக்கத்தில் மிச்சமிருந்த இடத்தில் ஒரு சின்ன வட்டம் போட்டாள். உள்ளே அம்மா சாயா ஆற்றுகிற சத்தம் ஒரு நிமிஷம் நின்று, மறுபடி கேட்டது.